‘ஓவியம் போலவே இருக்கிறது’ என்னும் அவமதிப்பு

ஒன்றைப் பாராட்டுவதற்கு அதை வேறொன்றின் பெயரால் அழைப்பதைவிட எளிய வழி கிடையாது. அதைவிடச் சோம்பலான வழியும் கிடையாது. தமிழில் குறிப்பிடத்தக்க நாவல் ஒன்று வந்துவிட்டால், ‘மார்க்வெஸைப் படிப்பது போலிருந்தது’ என்றெழுதி மதிப்புரையை முடித்துக்கொள்கிறவர்களை நாம் நன்கறிவோம். நாவலைத் திறக்காமலேயே எழுதிவிடக்கூடிய வாக்கியம் அது. அந்நாவல் எந்த மண்ணின் பேச்சில், எந்த வாழ்க்கையின் நெருக்கடியில் உருவானது என்பதெல்லாம் அந்த ஒற்றைப் ‘போல’வில் கரைந்துபோய்விடும். இதே ‘போல’ நோய் இன்னொரு கலையை அரை நூற்றாண்டுக்கும் மேலாக எப்படி அரித்துவருகிறது என்பதை அண்மையில் நேரில் காண நேர்ந்தது. அந்தக் கலை குவில்ட்.

சொல்லை முதலில் தீர்த்துக்கொள்வோம். ‘ஒட்டுப்போர்வை’ என்று எழுதிப் பார்த்தோம். ஒட்டே இல்லாமல் முழுத்துணியில் தையல் மட்டுமே ஓடும் குவில்ட்டுகளும் உண்டு என்பதால் பொருந்தவில்லை. வட இந்தியக் குளிருக்கான ‘ரஜாய்’ அமைப்பில் நெருக்கமானதுதான். ஆனால் அச்சொல் வேறொரு உலகத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே குவில்ட் என்றே இருக்கட்டும். மேலே ஒரு துணி, நடுவே பஞ்சோ கம்பளியோ, அடியில் ஒரு துணி, மூன்றையும் ஊடுருவிப் பிணைக்கும் தையல்: இதுதான் அதன் இலக்கணம். மேல்துணி, துண்டுகளை இணைத்துத் தைத்ததாக இருக்கலாம். ஒரு துணியின்மேல் இன்னொன்றை உருவங்களாக வெட்டிவைத்துத் தைத்ததாகவும் இருக்கலாம். அடுக்கும் ஊடுருவும் தையலும் இல்லையேல் அது குவில்ட் அன்று, வெறும் துணி.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், சிறுநகரத்துக் கலைக்கூடம் ஒன்றில் சமகாலக் குவில்ட் கலைக்கான கண்காட்சி. எங்களில் நால்வர் ஒரு சனிக்கிழமை முற்பகலில் போய்க் கூடம் மூடும்வரை இருந்தோம். கூடத்தின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. நாங்கள் சொல்லவிருப்பது அந்த ஒரு கூடத்தின் குறையன்று. தவிரவும், அங்கே தொங்கிய முப்பது சொச்சம் படைப்புகளில் பாதிக்கு மேல் அருமையானவை. கோபம் படைப்புகளின் மீதன்று. அவற்றைச் சுற்றி எழுதப்பட்டிருந்த, எழுதப்படாமல் விடப்பட்டிருந்த சொற்களின் மீது.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறோம். ஆளுயரத்துக்கும் மேலான வெளிறிய நீலப் பரப்பு. கிட்டே போனால், ஒரே நீலமன்று. பலமுறை சலவைக்குப் போய் வெவ்வேறு அளவில் வெளுத்த நீலங்கள். பொடிப்பொடியான அச்சு வடிவம் சில இடங்களில் தெரிகிறது, சில இடங்களில் அழிந்திருக்கிறது. இடது ஓரத்தில், இரு துண்டுகள் சேரும் தையலுக்குள்ளிருந்து ஒரு நாடா தொங்குகிறது. கொஞ்சம் கீழே இன்னொன்று. எங்களில் ஒருவர்தான் முதலில் கண்டுகொண்டார்: மருத்துவமனையில் நோயாளிகளுக்கு அணிவித்து முதுகுப்புறம் முடிச்சிடுவார்களே, அந்த அங்கி. அங்கிகளைப் பிரித்துச் செய்த குவில்ட் அது. நாடாக்களைத் தைத்தவர் வேண்டுமென்றே வெட்டாமல் விட்டிருக்கிறார். அதைக் கண்ட பிறகு நாங்கள் நால்வரும் சிறிது நேரம் பேசவில்லை.

விவர அட்டையில் இருந்தவை: தலைப்பு, ஆண்டு, அளவு, ‘இழை, கலப்பு ஊடகம்’ என்ற குறிப்பு. பக்கத்துச் சுவரில் காட்சியமைப்பாளரின் பத்தி ஒன்று. இந்த நீலப் பரப்பு மார்க் ரோத்கோவின் ஓவியங்களை நினைவூட்டுவதாக அது சிலாகித்தது. ஓர் உடலின்மீது கிடந்த துணி என்பதைச் சொல்ல ஒரு சொல்கூட அந்தப் பத்தியில் இல்லை. ரோத்கோவுக்கு இடமிருந்தது, அங்கிக்கு இல்லை. எங்கள் பின்னால் நின்ற தம்பதியர் அந்தப் பத்தியைப் படித்தார்கள், இரண்டடி பின்வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள், ‘ஆமாம், ஓவியம் போலவே இருக்கிறது’ என்று திருப்தியோடு நகர்ந்தார்கள். நாடாக்களை அவர்கள் பார்க்கவேயில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் சுவரே சொல்லிக்கொடுத்திருந்ததே.

அதற்குப் பிறகு எல்லா அட்டைகளையும் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினோம். ‘துணிக் கட்டுமானம்’, ‘அடுக்கிய இழைப்பரப்பு’, ‘தைக்கப்பட்ட மேற்பரப்பு’ என்று விதவிதமான சொற்சேர்க்கைகள். குவில்ட் என்ற சொல் நான்கே நான்கு அட்டைகளில். குவில்ட் கண்காட்சியில் குவில்ட் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி இது. நாற்காலியைக் ‘கால்கொண்ட அமர்தளம்’ என்றெழுதினால் சிரிப்போம். இங்கே சிரிக்க முடியவில்லை, ஏனெனில் இதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. குவில்ட் என்றால் கட்டில் நினைவுக்கு வரும், பாட்டி நினைவுக்கு வருவாள், குளிர்கால இரவும் பெண்களின் கைவேலையும் நினைவுக்கு வரும். அவையெல்லாம் நினைவுக்கு வந்தால் விலை இறங்கும். ஆகவே பாட்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு ரோத்கோவைக் கைபிடித்து உள்ளே அழைத்து வருகிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு தொடக்க ஆண்டு சொல்ல முடியும். 1971 ஜூலையில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ‘அமெரிக்கக் குவில்ட்டுகளில் அரூப வடிவமைப்பு’ என்ற கண்காட்சி திறந்தது. ஜோனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் என்ற இருவரும் தங்கள் சேகரிப்பிலிருந்து ஏறத்தாழ 60 குவில்ட்டுகளைத் தேர்ந்து, ஓவியங்களைத் தொங்கவிடுவது போலவே வெள்ளைச் சுவர்களில் தொங்கவிட்டார்கள். அவர்களது அளவுகோல் வெளிப்படையானது: அன்றைய அரூப ஓவியத்துக்குப் பழகிய கண்ணுக்கு எவை ஓவியமாகத் தெரியுமோ அவை. கோடுகளும் சதுரங்களும் பட்டைகளும் உள்ளே வந்தன. பூவும் கொடியும் வெட்டித் தைத்தவை பெரும்பாலும் வெளியே நின்றன. கண்காட்சி பெருவெற்றி. நியாயமாகச் சொல்வதானால், அந்த வெற்றி இல்லையேல் எத்தனையோ குவில்ட்டுகள் நாய்க்கு விரிப்பாகவும் மரச்சாமான்களை மூடும் துணியாகவும் கிழிந்து போயிருக்கும். ஹோல்ஸ்டீனின் சேகரிப்பு 2003-இல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரிலுள்ள குவில்ட் ஆய்வு மையத்துக்குச் சென்று இன்று பாதுகாப்பாக இருக்கிறது. இதையெல்லாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் உள்ளே நுழைய அவை கொடுத்த கட்டணம் என்ன? செய்தவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. எந்தக் கட்டிலுக்காக, எந்தத் திருமணத்துக்காக, யாருடைய சாவுக்குப் பின் தைத்தது என்பது இல்லை. இடமும் தோராயமான காலமும் மட்டும். விற்கப்பட்டுக் கைமாறி வந்த பொருள்களில் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் உதிர்ந்தது ஓர் இழப்பாகத் தோன்றாமல், ஒருவகைத் தூய்மையாகத் தோன்றும்படி அந்த வெள்ளைச் சுவர்கள் செய்துவிட்டன. பெயரில்லாத பெண்கள், தாங்கள் செய்வது இன்னதென்று அறியாமலே, ஆண் ஓவியர்கள் பின்னால் கண்டுபிடிக்கப்போவதை முன்கூட்டியே செய்துவிட்டார்களாம். இதைவிட நயமான இழிவு உண்டா?

இதற்கு உடனடியாக மறுப்பெழுதியவர் பாட்ரீஷியா மைனார்டி என்ற ஓவியர். வீட்டுவேலையின் அரசியல் பற்றி 1970-இல் அவரெழுதிய கட்டுரையைப் பெண்ணிய வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். 1973-இல் பெண்ணியக் கலை இதழொன்றில் குவில்ட்டுகளை அமெரிக்காவின் மகத்தான கலை என்றே தலைப்பிட்டு எழுதினார். அந்தப் பெண்கள் அறியாமல் செய்தவர்களல்லர். தாம் செய்வது கலை என்றறிந்தே செய்தார்கள், பலர் பெயரும் ஆண்டும் இட்டார்கள், தம் மரபை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார்கள் என்பது அவரது வாதம். அக்கட்டுரைக்கு இன்று 50 வயது கடந்துவிட்டது. நாங்கள் பார்த்த கூடத்தின் காட்சியமைப்பாளர் அதைப் படிக்காதவராக இருக்க வாய்ப்பில்லை. படித்துவிட்டும் ரோத்கோ என்றெழுத முடிகிறது என்பதுதான் வியப்பு.

செய்தவளுக்கே தன் படைப்பைப் பற்றிப் பேசத் தெரியும் என்பதற்கு ஹாரியெட் பவர்ஸைவிட வலுவான சான்று தேவையில்லை. 1837-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1886-இல் அம்மாநிலத்தின் எதென்ஸ் நகரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் விவிலியக் கதைகளை 11 கட்டங்களில் துணி உருவங்களாகத் தைத்த குவில்ட் ஒன்றை வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது கொடுக்க மறுத்தார். சில ஆண்டுகள் கழித்து, வறுமை நெருக்கியபோது தாமே கொண்டுபோய் 10 டாலர் கேட்டார். கிடைத்தது 5 டாலர். பிரிய மனமில்லாமல் அதைப் பார்ப்பதற்கென்றே பின்னர் பலமுறை அந்த வீட்டுக்கு வந்து போனார். கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு கட்டமும் என்ன சொல்கிறதென்று விளக்கினார், ஆசிரியை எழுதிக்கொண்டார். அந்தக் குவில்ட் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவரது இன்னொரு குவில்ட், 15 கட்டங்கள் கொண்டது, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். இதற்கும் விளக்கம் எழுத்தில் உள்ளது. அதில் ஒரு கட்டம் 1833 நவம்பரில் வானமே உதிர்வது போல் பொழிந்த எரிகல் மழை. பவர்ஸ் பிறப்பதற்கு 4 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. இன்னொரு கட்டம் 1780-இல் பகலே இருண்ட நாள். யாரோ சொல்லக் கேட்டு, மனத்தில் இருத்தி, துணியில் வெட்டித் தைத்திருக்கிறார். வாய்மொழி மரபு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் இலக்கிய அன்பர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. எழுத்தறிவு அடிமைகளுக்குத் தடைசெய்யப்பட்டிருந்த மண்ணில், விவிலியமும் வானிலையும் ஊர்வாயும் ஒரே பரப்பில் அத்தியாயங்களாக நிற்கின்றன. இதன் முன்னால் போய் ‘மாட்டிஸின் காகித வெட்டுகளைப் போலிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அவரை என்ன செய்வது?

போகட்டும், ‘போல’ ஒரு பக்கத்து நோய் என்றால், மறுபக்கத்திலும் ஒரு நோயுண்டு. அதே கலைக்கூடத்தின் விற்பனை மேசையில், தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்டக் குவில்ட்டுகளைச் சங்கேதமாகக் கயிற்றில் தொங்கவிட்டார்கள் என்னும் கதையைச் சொல்லும் சிறுவர் நூல்கள் இருந்தன. 1999-இல் வெளியான ஒரு நூலின் வழியாகப் பெரும்புகழ் பெற்ற கதை இது. அடிமைகளாக இருந்து தப்பியவர்களின் தன்வரலாறுகளில் அப்படியொரு சங்கேதம் பேசப்படவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டிவிட்டார்கள். கதை அசைந்து கொடுக்கவில்லை. அடிமையாகப் பிறந்த ஒருத்தி தன் குவில்ட்டுக்குத் தன் வாயாலேயே சொன்ன பொருள் எழுத்தில் இருக்கிறது. அதற்கு அந்த மேசையில் ஓர் அஞ்சலட்டைகூட இல்லை. சுவரில் பொருளே வேண்டாம் என்கிறார்கள். மேசையில் பொய்ப்பொருளை விற்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே, செய்தவள் சொன்னதைக் கேட்பதற்கு மட்டும் ஆளில்லை.

ஸ்மித்சோனியன் நிறுவனமும் ஒன்று செய்தது. தன்னிடமுள்ள பழைய குவில்ட்டுகளை நகலெடுத்து விற்க ஒரு வணிக நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. நகல்கள் சீனாவில் தைக்கப்பட்டு 1992 வாக்கில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. பவர்ஸின் விவிலியக் குவில்ட்டும் அவற்றில் ஒன்று. நாடெங்கும் குவில்ட் தைக்கும் பெண்கள் கையெழுத்து இயக்கம் நடத்தி எதிர்த்தார்கள். 5 டாலருக்குப் போன பொருளின் நகல், தைத்தவளின் கொடிவழிக்கும் சம்பந்தமின்றி, தைத்த சீனப் பெண்ணின் பெயருமின்றி, படுக்கையறை அலங்காரமாக வந்து சேர்ந்தது. பெயரை உதிர்ப்பது வெறும் அழகியல் பிசகன்று, அதற்கொரு பொருளாதாரமும் உண்டு என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

ஜீஸ் பெண்டுக்கு வருவோம். அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த சிற்றூர். ஊரில் பாதிப்பேருக்குப் பெட்வே என்பதே குடும்பப்பெயர். அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளியின் பெயர் அது. 1960-களில் கறுப்பின மக்கள் ஆற்றைக் கடந்து கேம்டன் நகருக்குப் போய் வாக்காளராகப் பதிவு செய்ய முற்பட்டபோது படகுச் சேவை நிறுத்தப்பட்டது. அது திரும்ப வந்தது 2006-இல். இந்த ஊர்ப் பெண்களின் குவில்ட்டுகளை வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் 1990-களின் இறுதியிலிருந்து வாங்கினார். 2002-இல் ஹூஸ்டனிலும், அதன்பின் அதே விட்னியிலும் கண்காட்சி. 1971-இன் பாவம் இம்முறை நேரவில்லை: ஒவ்வொருவரின் பெயரும் இருந்தது, அவர்கள் சொன்ன வாழ்க்கைக் கதைகள் நூலாகவும் வந்தன. அந்த அளவில் அது நேர்மையான காட்சி. ஆனால் மதிப்புரைகள்? பெயர்கள் அச்சில் இருந்தும் நியூயார்க்கின் முன்னணி விமரிசகர்களுக்கு மாட்டிஸும் பால் க்ளேயும் வராமல் வாக்கியம் முடியவில்லை.

அக்காட்சியில் மிசௌரி பெட்வே என்பவர் 1942-இல் தைத்த குவில்ட் ஒன்று இருந்தது. கணவர் இறந்த பிறகு அவரது வேலை உடைகளைப் பிரித்துத் தைத்தது. அவர் நினைவாக இருக்கட்டும், அன்போடு போர்த்திக்கொள்ளலாம் என்று தாய் சொன்னதை மகள் ஆர்லான்ஸியா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சாம்பலும் நீலமும் வெளுத்த பழுப்புமான பட்டைகள். இங்கே எங்கள் வாதத்தின் மையத்தைச் சொல்லிவிடுகிறோம். ‘கதை வேறு, வடிவம் வேறு, கதையை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள்’ என்பது எதிர்த்தரப்பின் பிரம்மாஸ்திரம். ஜீஸ் பெண்டின் வேலையுடைக் குவில்ட்டுகளில் அந்த அஸ்திரம் செல்லாது. பையைப் பிரித்தெடுத்த இடத்தில் துணி வெயில்படாமல் அடர்நீலமாக நிற்கிறது; சுற்றிலும் வெளுத்த நீலம். முழங்கால் உரசிய இடம் மெலிந்திருக்கிறது. ஓவியம் பழகிய கண்ணுக்கு ‘வண்ணத்தின் நுட்பமான ஏற்ற இறக்கம்’ என்று தெரிவது, ஒரு மனிதன் பருத்திக்காட்டில் குனிந்து நிமிர்ந்த ஆண்டுகள். வண்ணத்தைத் தேர்ந்தது தூரிகையன்று, வெயில். அதைத் தெரிந்தே, அந்தத் துண்டை அந்த இடத்தில் வைத்தது அவளது கை. வரலாற்றை நீக்கிவிட்டு வடிவத்தைப் பார்ப்பது இங்கே இயலாத காரியம். வரலாறு போனால் வடிவத்தையும் பாதிதான் பார்க்கிறோம்.

ஜீஸ் பெண்ட் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 2006-இல் அந்தக் குவில்ட்டுகள் அமெரிக்க அஞ்சல் தலைகளாகின. 2007-இல் தைத்தவர்கள் சிலர், தமக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று ஆர்னெட் தரப்பினர்மீது வழக்குத் தொடுத்தார்கள். அத்தரப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2008-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் நீதிமன்றமல்ல. ஆனால் ‘ஓவியத்தோடு ஒப்பிட்டதால்தானே விலை ஏறியது, அதனால் அந்தப் பெண்களுக்குத்தானே நன்மை’ என்று கேட்கும் நண்பர்கள், விலை ஏறியது என்பதும் அந்தப் பெண்களுக்கு நன்மை என்பதும் இரண்டு வெவ்வேறு வாக்கியங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

குவில்ட் என்ற சொல்லை உதறாமலே கலைக்கூடத்துக்குள் நிமிர்ந்து நடந்தவர்களும் இருக்கிறார்கள். 2024-இல் மறைந்த ஃபெயித் ரிங்கோல்ட் அவர்களில் முதன்மையானவர். இவர் ஓவியர், எண்ணெய் வண்ணத்தில் தேர்ச்சி பெற்றவர். 1972-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் திபெத்தியத் தாங்காக்களைப் பார்த்துவிட்டுச் சட்டத்தைக் கைவிட்டுத் துணிக்கு வந்தார். 1980-இல் முதல் குவில்ட்டைத் தம் தாயார் வில்லி போஸியோடு சேர்ந்து செய்தார். தாயார் ஆடை வடிவமைப்பாளர், மறுஆண்டு மறைந்தார். தம் தன்வரலாற்றை வெளியிட யாரும் முன்வராதபோது ரிங்கோல்ட் கதையைக் குவில்ட்டின் மீதே எழுதத் தொடங்கினார். 1983-இல் வந்த முதல் ‘கதைக் குவில்ட்’ அப்படிப் பிறந்தது. பதிப்பகத்தின் நிராகரிப்பைத் துணியால் வென்ற எழுத்தாளர் என்றும் அவரைச் சொல்லலாம். சிற்றிதழ்க்காரர்களாகிய நமக்கு அந்தக் கதை அந்நியமானதல்ல. கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘டார் பீச்’ (1988) என்ற குவில்ட்டில், வெக்கை இரவில் மொட்டைமாடியில் பாய்விரித்துக் கிடக்கும் ஹார்லெம் குடும்பத்தின் கதை மேலும் கீழும் பட்டைகளில் கையெழுத்தாக ஓடுகிறது. பின்னர் அதுவே சிறுவர் நூலாகவும் ஆனது. எங்கேயும் அவர் ‘அடுக்கிய இழைப்பரப்பு’ என்று ஒளிந்துகொள்ளவில்லை.

சமகாலக் குவில்ட் கலை இயக்கத்தின் முன்னோடிகளும் ஒளிந்துகொண்டவர்களல்லர். மரபான குவில்ட் கண்காட்சிகள் இடங்கொடுக்காதபோது, நான்ஸி க்ரோ உள்ளிட்ட சிலர் 1979-இல் ஒஹையோவின் எதென்ஸ் நகரில், மனநோய் மருத்துவமனைக்குச் சொந்தமாயிருந்த பழைய மாட்டுக் கொட்டில் ஒன்றில் தங்கள் கண்காட்சியைத் தொடங்கினார்கள். ஈராண்டுக்கு ஒருமுறை என்று அது வளர்ந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயரிலேயே குவில்ட் என்ற சொல் முதலில் நிற்கிறது: குவில்ட் நேஷனல். இடிக்கப்படவிருந்த கொட்டிலில் நின்று துணிவோடு சொன்ன சொல்லை, குளிரூட்டிய கூடத்தில் நின்று விழுங்குகிறார்கள் என்றால் இதை வளர்ச்சி என்பதா?

சொல்லோடு இன்னொன்றும் காணாமல் போகிறது: இரண்டாவது கை. பெரிய குவில்ட்டுகளில் மேல்துணியை அமைப்பவர் ஒருவர், மூன்றடுக்கையும் நீண்ட கைகொண்ட பெரிய தையல் இயந்திரத்தில் இட்டுத் தைத்துக் கொடுப்பவர் இன்னொருவர் என்பது இன்று பரவலான வழக்கம். அந்த இரண்டாவது தையல் எடுபிடி வேலையன்று. மேடுபள்ளங்களும் நிழலும் அதிலிருந்தே பிறக்கின்றன. ‘மரபானவை’ என்று கலைக்கூடத்தார் மூக்கைச் சுளிக்கும் குவில்ட் சந்தைகளில், அமைத்தவர் இன்னார், தைத்தவர் இன்னார் என்று அட்டையில் இருவர் பெயரும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். நாங்கள் போன கலைக்கூடத்தில் எந்த அட்டையிலும் இரண்டாவது பெயர் இல்லை. முப்பது சொச்சம் படைப்புகளும் ஒரே ஆள் தனியாகச் செய்தவையாக இருக்கலாம். மேசையில் இருந்தவரிடம் கேட்டோம். அப்படியொரு கேள்வி இருக்கக்கூடும் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. தனித்த மேதை ஒருவர், ஒரு கையொப்பம் என்ற ஓவிய உலகின் பழம்புராணத்தையும் ‘போல’வோடு சேர்த்து இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, ‘குவில்ட்டைக் கட்டிலுக்கே திருப்பி அனுப்பச் சொல்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். இல்லை. சுவர் குவில்ட்டுக்குப் பகையன்று. ஒளியும் விரல் எண்ணெயும் பழந்துணியைத் தின்றுவிடும் என்பதால் விளக்கைத் தணிப்பதிலும் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவதிலும் எங்களுக்குப் புகாரில்லை. பீஸா பட்லரின் உருவச்சித்திரக் குவில்ட்டுகளைக் கட்டிலில் விரிக்க வேண்டும் என்று எவனும் சொல்லமாட்டான். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களிலிருந்து எடுத்த மனிதர்களுக்குக் கானா, நைஜீரியத் துணிகளால் அவர் முகம் கொடுக்கிறார். எந்தத் துணி எந்தக் கன்னத்துக்கு என்பதில் ஒரு கண்டத்தின் நினைவு இருக்கிறது. அவரும் ஓவியம் பயின்றவர்தான். ஆனால் அந்தத் துணிகளின் பெயரும் ஊரும் தெரியாமல் ‘வண்ணமயம்’ என்று மட்டும் எழுதினால், அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதாகும்.

சுவரே வேண்டாம் என்று தரையில் விரிந்த குவில்ட்டும் ஒன்றுண்டு. எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் திறந்தவெளியில் 1,920 துண்டுகளோடு விரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஒரு புதைகுழியின் அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். இறந்தவரின் சட்டை, கழுத்துப்பட்டை, பொம்மை எல்லாம் தைக்கப்பட்டிருந்தன. பெயர்கள் உரக்க வாசிக்கப்பட்டன. இன்று அது சுமார் 50,000 துண்டுகளாக வளர்ந்துவிட்டது. யாரைப் போலிருக்கிறது என்று அதன்முன் நின்று யாரும் கேட்டதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே கலைக்கூடத்தாரிடம் எங்கள் கோரிக்கைகள் சில்லறையானவைதாம். அட்டையில் குவில்ட் என்று எழுதுங்கள். ‘கலப்பு ஊடகம்’ என்பதை அடித்துவிட்டு, அங்கி என்றால் அங்கி, வேட்டைச்சட்டை என்றால் வேட்டைச்சட்டை, கடையில் வாங்கிய புதுத்துணி என்றால் அதையும் எழுதுங்கள். இரண்டாவது கை உண்டென்றால் அதன் பெயரையும் எழுதுங்கள். ரோத்கோவைக் கூப்பிட வேண்டுமென்றால் கடைசிப் பத்தியில் கூப்பிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

வாசகர்களிடமும் ஒன்று. மரபான குவில்ட் சந்தைகளில் வெள்ளைக் கையுறை அணிந்த பெண்கள் நடமாடுவார்கள். கேட்டால், குவில்ட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். ஊடுருவிய தையலின் நேர்மை அங்கேதான் தெரியும். கலைக்கூடங்களில் அந்தப் பெண்கள் இல்லை. நீங்கள் போகும்போது பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். துணி பழையது, தொடக்கூடாது என்று மறுத்தால் ஒப்புக்கொள்ளலாம். பின்பக்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். செய்தவர் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு சிறு துணித்துண்டில் எழுதிப் பெரும்பாலும் அங்கேதான் தைத்து வைத்திருப்பார்.